பாதத்தில் கல்லீரல் இல்லை

பொருட்காட்சித் திடலில் டெல்லி அப்பளக் கடையைத் தாண்டினால், மர உருளைகளும் முள்முள்ளாய் எழும்பிய பிளாஸ்டிக் செருப்புகளும் பரப்பிய மேசை ஒன்று அநேகமாக இருக்கும். மேசைக்குப் பின்னால் லேமினேட் செய்த படம் ஒன்று தொங்கும். இரண்டு உள்ளங்கால்களின் மேல் ஒரு முழு மனித உடம்பை வண்ணம் வண்ணமாகப் பிரித்துப் போட்டிருப்பார்கள். கட்டைவிரலில் மூளை; இரண்டாம், மூன்றாம் விரல்களின் அடியில் கண்; நான்கு, ஐந்தில் காது; விரல்களுக்குக் கீழே மேடான சதையில் நுரையீரல்; இடக்காலில் இதயமும் மண்ணீரலும்; வலக்காலில் கல்லீரலும் பித்தப்பையும்; நடுக்குழியில் சிறுநீரகம்; அதற்குக் கீழே குடல்; உள்விளிம்பு நெடுக முதுகெலும்பு; கணுக்காலின் உட்பக்கம் கருப்பை, ஆண் என்றால் புராஸ்டேட். அந்தந்த இடத்தை அழுத்தினால் அந்தந்த உறுப்பு சீராகும் என்பதுதான் ரிஃப்ளெக்சாலஜி எனப்படும் பாத அழுத்த சிகிச்சையின் சாரம். பூங்காவில் கூழாங்கல் பதித்த நடைபாதை, இதழ்களின் ஆரோக்கியப் பக்கம், காலை வணக்கத்தோடு வாட்ஸ்அப்பில் வரும் படம் என எல்லாம் இதையே ஓதுகின்றன. நன்றாகப் படித்தவர்கள்கூட நான்கு வாக்கியங்களில் இதை ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள்: இது முன்னோர் கண்டது, உடம்பில் எல்லாம் ஒன்றோடொன்று நரம்பால் இணைந்தவை, பலருக்குப் பலித்திருக்கிறது, பலிக்காவிட்டாலும் நஷ்டமில்லை.

இந்த நான்கில் ஒன்றுகூட நிற்காது. ஆனால் எதை மறுக்கிறேன், எதை மறுக்கவில்லை என்பதை முதலிலேயே பிரித்துவிடுவது நல்லது. காலைப் பிடித்துவிட்டால் சுகமாக இருக்கும். இதற்கு யாரும் ஆராய்ச்சி செய்து சான்றிதழ் தர வேண்டியதில்லை. நம் ஊரில் ஜவுளிக்கடையிலும் நகைக்கடையிலும் நாளெல்லாம் நின்றே வேலை பார்த்தவர்களுக்கு உட்கார இருக்கை கொடுங்கள் என்று 2021இல் தமிழ்நாடு ஒரு சட்டத்திருத்தமே கொண்டுவர வேண்டியிருந்தது. அப்படி நின்று வீங்கிய கால்களை இரவில் யாராவது நீவிவிட்டால் அது பெரிய ஆறுதல். வெந்நீரில் கால் வைத்துக்கொள்வதும், உள்ளங்காலில் எண்ணெய் தேய்ப்பதும், விரல்களில் சொடக்கு எடுப்பதும் அப்படித்தான். என் சண்டை அந்தப் படத்தோடு. சுகத்துக்கு அந்தப் படம் தேவையில்லை. படம் சொல்வது உண்மையுமில்லை. இருந்தும் சுகத்தால் கிடைத்த நற்பெயரை அது தன் கணக்கில் எழுதிக்கொண்டு, சிறுநீரகத்துக்கும் கருப்பைக்கும் வைத்தியம் பார்க்கக் கிளம்பிவிடுகிறது. அதைவிட மோசமாக, பாதத்தைப் பார்க்க வேண்டிய கண்ணை வேறெங்கோ திருப்பிவிடுகிறது.

முன்னோர் கண்டது என்ற வாதத்திலிருந்து தொடங்கலாம். எகிப்தில் சக்காரா என்ற இடத்தில் அன்க்மாஹோர் என்பவரின் கல்லறை இருக்கிறது. கிறிஸ்துவுக்குச் சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முந்தையது. அதன் சுவரில் சிலர் மற்றவர்களின் கையையும் காலையும் பிடித்திருக்கும் சிற்பம் உண்டு. ரிஃப்ளெக்சாலஜி நூல்களில் தவறாமல் இடம்பெறும் படம் இதுதான். அவர்கள் நகம் திருத்துகிறார்களா, காயத்துக்கு மருந்திடுகிறார்களா, வெறுமனே பிடித்துவிடுகிறார்களா என்பதைப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. காலைத் தொட்ட ஒரு கை அங்கே இருக்கிறது. காலில் கல்லீரல் இருப்பதாக அங்கே எதுவும் இல்லை. பாதத்தில் உறுப்புகளைக் காட்டும் படம் உண்மையில் பிறந்தது அமெரிக்காவில், இருபதாம் நூற்றாண்டில். கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் காது, மூக்கு, தொண்டை மருத்துவராக இருந்த வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட், உடம்பைத் தலையிலிருந்து கால்வரை பத்து நெடுக்குப் பட்டைகளாகப் பிரித்தார். விரலில் ரப்பர் வளையம் மாட்டினாலோ துணி காயப்போடும் கிளிப்பைக் கவ்வவிட்டாலோ அதே பட்டையில் வேறிடத்து வலி மரத்துப்போகும் என்றார். எட்வின் பவர்ஸ் என்பவரோடு சேர்ந்து 1917இல் இதை நூலாகவும் வெளியிட்டார். அந்தப் பத்துப் பட்டைகளை எடுத்துக்கொண்டு பாதத்தின் மேல் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் குடியேற்றியவர் யூனிஸ் இங்காம் என்ற பிசியோதெரபிஸ்ட். பாதங்கள் சொல்லும் கதைகளைப் பற்றிய அவருடைய நூல் 1938இல் வந்தது. திடலில் தொங்கும் படத்துக்கு வயது ஒரு நூற்றாண்டுகூட நிறையவில்லை.

சீன மரபு என்று சொல்லிச் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடக்கும் கால் பிடிக்கும் கடைகளின் கதை இன்னும் வேடிக்கையானது. தைவானின் கிழக்குக் கரையில் ஊழியம் செய்த ஜோசஃப் யூஜ்ஸ்டர் என்ற சுவிட்சர்லாந்துக் கத்தோலிக்கப் பாதிரியார் முழங்கால் வலியால் அவதிப்பட்டார். சுவிட்சர்லாந்துச் செவிலி ஒருவர் எழுதிய பாத அழுத்த நூலைச் சக பாதிரியார் ஒருவர் அவருக்குக் கொடுத்தார். தனக்குக் குணமாகிவிட்டதாக நம்பிய யூஜ்ஸ்டர் அதைத் தைவான் முழுக்கப் பரப்பினார். அங்கிருந்து அது தென்கிழக்கு ஆசியாவுக்குப் போனது. அதாவது அமெரிக்கச் சரக்கு, ஐரோப்பா வழியாகச் சுற்றிவந்து, ஒரு பாதிரியாரின் கைபட்டு, ஆதி சீன ஞானம் ஆயிற்று. இங்கே அதையே வர்மத்தோடு சேர்த்துப் பேசும் வழக்கமும் இருக்கிறது. வர்ம ஆசான்கள் உச்சந்தலை முதல் பாதம்வரை உடம்பெங்கும் வர்மப் புள்ளிகளைக் குறிக்கிறார்கள். அவற்றின் உண்மை பொய் தனி விவகாரம். ஆனால் முழு உடம்பையும் சுருட்டிப் பாதத்துக்குள் அடக்கும் வேலையை அவர்கள் செய்யவில்லை. உள்ளங்காலில் எண்ணெய் தேய்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சி என்ற வீட்டு நம்பிக்கையிலும் வரைபடம் கிடையாது. பழையதாக இருந்தால் மட்டும் ஒன்று உண்மையாகிவிடாது. இந்தப் படம் பழையதுகூட இல்லை.

அடுத்தது நரம்பு வாதம். ஒவ்வொரு பாதத்திலும் 7,000க்கு மேல் நரம்பு முனைகள் இருக்கின்றன, அவை எல்லா உறுப்புகளோடும் தொடர்புடையவை என்பார்கள். எண்ணிக்கை எதுவாகவும் இருந்துவிட்டுப் போகட்டும். அந்த முனைகள் எங்கே போய்ச் சேர்கின்றன என்பதுதான் கேள்வி. உள்ளங்கால் தோலின் நரம்புகள் கணுக்காலின் உட்பக்கமாக ஏறி, கெண்டைக்கால் வழியே தொடையின் பின்புறத்துப் பெருநரம்பில் சேர்ந்து, தண்டுவடத்தின் அடிப்பகுதிக்குள் நுழைந்து, அங்கிருந்து மூளைக்குப் போகின்றன. தரை மேடா பள்ளமா, கல் குத்துகிறதா, உடம்பின் பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்வதே அவற்றின் வேலை. கல்லீரல், இரைப்பை, இதயம் ஆகியவற்றுக்கான நரம்புகள் மூளையின் அடித்தண்டிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பிலும், பெரும்பாலும் நெஞ்சுப் பகுதித் தண்டுவடத்திலும் இருந்து கிளம்புகின்றன. அவை பாதத்தின் பக்கமே வருவதில்லை. எல்லாம் மூளையில் சந்திக்கின்றனவே என்றால், மூக்கும் முழங்கையும்கூட மூளையில் சந்திக்கின்றன. அதற்காக முழங்கையைத் தேய்த்தால் ஜலதோஷம் போய்விடாது.

இதற்கு விஷயம் தெரிந்தவர்கள் இரண்டு எதிர்வாதங்கள் வைப்பதுண்டு. இரண்டும் கவனிக்க வேண்டியவை. மாரடைப்பின்போது இடக்கையில் வலிக்கிறதே, உள்ளுறுப்புக்கும் தொலைவில் உள்ள தோலுக்கும் தொடர்பு இருப்பதற்கு இது சாட்சியில்லையா என்பது முதலாவது. சாட்சிதான். ஆனால் யாருக்குச் சாட்சி என்று பார்க்க வேண்டும். இதயத்திலிருந்து வரும் நரம்பும் கையின் உட்புறத்திலிருந்து வரும் நரம்பும் தண்டுவடத்தின் ஒரே தளத்தில் நுழைவதால், வலி எங்கிருந்து வருகிறது என்று மூளை குழம்புகிறது. பித்தப்பைக் கோளாறு வலது தோள்பட்டையில் வலிப்பதற்கும் இதே காரணம்தான்: உதரவிதானத்தின் நரம்பு கழுத்துத் தளத்திலிருந்து வருகிறது, தோளின் நரம்பும் அங்கிருந்தே வருகிறது. இந்த விதியை வைத்துக் கணக்குப் போட்டால், பித்தப்பைக்குத் தோளில்தான் இடம் ஒதுக்க முடியும். வலது உள்ளங்காலில் முடியாது. இடம் மாறித் தெரியும் வலி என்ற உண்மை, படத்துக்கு ஆதரவாக வந்து நின்று படத்தையே கவிழ்த்துவிடுகிறது.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கூர்மையானது. கணுக்காலின் உட்புறம் ஓடும் டிபியல் நரம்பில் மெல்லிய ஊசி வைத்து மின்தூண்டல் கொடுத்தால், அடக்க முடியாமல் அடிக்கடி சிறுநீர் வருகிற தொல்லை பலருக்குக் குறைகிறது. சிறுநீரியல் மருத்துவர்களே இதைச் செய்கிறார்கள். அப்படியானால் காலில் சிறுநீர்ப்பை இருக்கிறதே? டிபியல் நரம்பின் சில இழைகளும் சிறுநீர்ப்பையின் நரம்புகளும் தண்டுவடத்தின் அதே அடித்தளத்தில் சேர்வதுதான் இதற்குக் காரணம். தொடர்பு எங்கே உண்மையாக இருக்கிறதோ அங்கே அதை உடற்கூறியலில் விரல் வைத்துக் காட்ட முடிகிறது, மின்சாரத்தால் தூண்டிச் சோதிக்க முடிகிறது, பலன் இவ்வளவுதான் என்று எல்லை சொல்ல முடிகிறது. வாரம் ஒருமுறை அரை மணி நேரம் என்று பன்னிரண்டு வாரங்கள் தூண்ட வேண்டிய அந்த நரம்பு, கல்லீரலுக்கோ கண்ணுக்கோ எதுவும் செய்வதாக அந்த மருத்துவர்கள் யாரும் சொல்வதில்லை. உள்ளங்காலில் உண்மையான ஓர் அனிச்சை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். குதிகாலிலிருந்து விரல்களை நோக்கிக் கீறினால் பெரியவர்களுக்குக் கட்டைவிரல் கீழே மடங்கும். மேலே எழும்பினால் மூளையிலோ தண்டுவடத்திலோ பழுது என்று பொருள். பாரிஸ் நரம்பியல் மருத்துவர் பாபின்ஸ்கி 1896இல் விவரித்தது இது. பாதம் உள்ளே நடப்பதைச் சொல்லும்தான்; சொல்வது நரம்புத் தடத்தைப் பற்றி மட்டும்.

நரம்புப் பாதை இல்லை என்று ஒப்புக்கொள்கிறவர்கள் வேறு விளக்கத்துக்குத் தாவுகிறார்கள். பாதத்தில் யூரிக் அமிலப் படிகங்கள் தேங்கி ஆற்றலின் ஓட்டத்தை அடைக்கின்றன, அழுத்தி உடைத்தால் வழி திறக்கும் என்பது அவற்றில் பிரபலமானது. இங்காமே படிகங்களைப் பற்றிப் பேசியவர்தான். யூரிக் அமிலப் படிகம் மூட்டில் தேங்கினால் அதற்குக் கீல்வாதம் என்று பெயர். கட்டைவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டால்கூட உயிர் போகும். அதை யாரும் விரலால் நசுக்கிக் கரைத்ததில்லை. மேலும் ஒரே உடம்பு பாதத்தில் மட்டும் அடங்குவதில்லை. உள்ளங்கையிலும் அதே படம் உண்டு. 1950களில் பிரான்சின் லியோன் நகர மருத்துவர் போல் நோஜியே, காதுமடலில் தலைகீழாகக் கிடக்கும் குழந்தையைக் கண்டு அங்கும் எல்லா உறுப்புகளையும் வைத்தார். கருவிழியில் உடம்பைப் படிக்கும் கூட்டம் தனியாக இருக்கிறது. பரப்பு எதைக் கொடுத்தாலும் அதன்மேல் ஓர் உடம்பை வரைந்துவிடலாம் போலிருக்கிறது.

படம் சரியா தவறா என்று பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது: நோய் என்னவென்று சொல்லாமல் காலை மட்டும் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்வது. பிரிட்டனில் 2000இல் வெளியான ஆய்வில் இதைத்தான் செய்தார்கள். குறிப்பிட்ட ஆறு நோய்களில் ஒன்றோ பலவோ உள்ள 18 பேரின் பாதங்களைப் பயிற்சி பெற்ற ரிஃப்ளெக்சாலஜிஸ்ட்கள் இருவர் தனித்தனியே பரிசோதித்தார்கள். ஆளைப் பார்க்கவோ பேசவோ வழியில்லை. யாருக்கு என்ன நோய் என்பதை அவர்களால் பிரித்தறிய முடியவில்லை. அதைவிட முக்கியம், ஒரே பாதத்தைப் பற்றி இருவரும் சொன்னவை ஒன்றோடொன்று பெரிதாகப் பொருந்தவும் இல்லை. கடையில் மட்டும் எப்படிப் பொருந்துகிறது? “சர்க்கரை இருக்கா? மலச்சிக்கல் உண்டா? ராத்திரி தூக்கம் எப்படி?” என்று விசாரித்தபடியே அழுத்துகிறார்கள், வலிக்கிற இடத்தில் காலை இழுத்துக்கொள்கிறோம், நாமே சொன்ன பதில் படத்தின் வாக்காகத் திரும்பி வருகிறது. நாற்பது வயதைத் தாண்டியவர்களின் நடுப்பாதத்தைக் கட்டைவிரல் கணுவால் அமுக்கினால் பலருக்கும் எங்கேயோ வலிக்கத்தான் செய்யும், அவர்களின் சிறுநீரகம் எந்த நிலையில் இருந்தாலும்.

பலித்திருக்கிறது என்பதைத் தள்ளிவிடக் கூடாது. அதைச் சரியாகச் சோதிக்க வேண்டும். அதற்கு, ஒரு குழுவுக்குப் படத்தின்படி அழுத்தி, இன்னொரு குழுவுக்குப் படத்தைச் சட்டை செய்யாமல் காலைப் பிடித்துவிட்டு ஒப்பிட வேண்டும். சும்மா விட்டவர்களோடு ஒப்பிட்டால் சுகத்தின் பலனையும் படத்தின் பலனையும் பிரிக்க முடியாது. ஆதரவாளர்கள் காட்டும் ஆய்வுகள் பல இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. டென்மார்க்கில் ஆஸ்துமா நோயாளிகளிடம் நிஜ அழுத்தத்தையும் நடிப்பு அழுத்தத்தையும் ஒப்பிட்டு 2001இல் வெளியான ஆய்வில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. இங்கிலாந்தில் குடல் எரிச்சல் நோய் உள்ள 34 பேரிடம் 2002இல் செய்த ஒப்பீட்டில், படத்தின்படி அழுத்தியதும் சாதாரணமாகக் கால் பிடித்ததும் வயிற்றுவலி, மலச்சிக்கல், உப்புசம் மூன்றிலும் ஒன்றே. எனக்கு மிகவும் பொருளுள்ளதாகப் படுவது ஹல் நகரில் மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் 183 பெண்களிடம் செய்து 2010இல் வெளியான ஆய்வு. ஒரு குழுவுக்குப் பாத அழுத்தம், ஒரு குழுவுக்குத் தலையை நீவிவிடுதல், ஒரு குழுவுக்கு வழக்கமான ஆதரவு மட்டும். கைபட்ட இரண்டு குழுக்களும் மூன்றாவதைவிட நன்றாக இருந்தன. பாத அழுத்தம் தலை நீவுவதைத் தாண்டிச் செல்லவில்லை. தலையில் எந்த உறுப்பின் படத்தையும் அங்கே யாரும் வரைந்திருக்கவில்லை.

எதிர்ப்பக்கத்துச் சான்றுகளையும் வைக்கிறேன். அமெரிக்காவில் 1993இல் 35 பெண்களிடம் செய்த ஆய்வில், மாதவிடாய்க்கு முந்தைய தொல்லைகள் சரியான புள்ளிகளில் அழுத்தப்பட்டவர்களுக்கே அதிகம் குறைந்தன. சிறிய ஆய்வு, அழுத்தியவர்களுக்கு எது நிஜம் எது நடிப்பு என்று தெரியும், தெரிந்த கையின் அக்கறை அழுத்தத்திலும் பேச்சிலும் கசியாமல் இருக்காது. ஸ்காட்லாந்தில் ஜென்னி ஜோன்ஸ் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும், இதயத்துக்குரியதாகச் சொல்லப்படும் இடத்தை அழுத்தும்போது இரத்த ஓட்ட அளவுகள் மாறுகின்றனவா என்று கருவி வைத்துப் பார்த்தார்கள். ஆரோக்கியமான சில தன்னார்வலர்களிடம் ஓர் அளவில் சிறிய மாற்றம் தெரிந்தது. இதய நோயாளிகளிடம் எதுவும் தெரியவில்லை. படத்துக்குக் கிடைத்த உயர்ந்தபட்சச் சாட்சியமே, நோய் உள்ள இடத்தில் வாய் திறக்கவில்லை. தனித்தனி ஆய்வுகளை எல்லாம் கூட்டி எடைபோட்ட எட்சார்ட் எர்ன்ஸ்ட் என்ற ஆய்வாளர், எந்த நோய்க்கும் இது பலிக்கிறது என்று நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்ற முடிவுக்கு 2009இல் வந்தார். 2011இல் புதிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் அந்த முடிவு மாறவில்லை. ஆஸ்திரேலிய அரசு தன் பங்குக்கு இயற்கைச் சிகிச்சைகள் பலவற்றை ஆராய்ந்து 2015இல் அறிக்கை வெளியிட்டது. அதன் விளைவாக 2019 ஏப்ரல் 1 முதல் 16 சிகிச்சைகளுக்கு அரசு ஆதரவுள்ள காப்பீட்டுச் சலுகை நின்றது. ரிஃப்ளெக்சாலஜி அவற்றில் ஒன்று.

கூழாங்கல் பாதை என்ன பாவம் செய்தது என்று நடைப்பயிற்சிக்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 60 வயதைத் தாண்டிய 108 பேரைப் பிரித்து, பாதிப்பேரைக் கூழாங்கல் பாயிலும் மீதிப்பேரைச் சாதாரண நடையிலும் 16 வாரங்கள் பழக்கினார்கள். 2005இல் வெளியான அந்த முடிவு பாய்க்கே சாதகமானது: உடலின் சமநிலை கூடியது, இரத்த அழுத்தம் ஓரளவு குறைந்தது. இதை நான் நம்புகிறேன். மேடுபள்ளத்தில் நடக்கும்போது கணுக்காலும் இடுப்பும் நொடிக்கு நொடி திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கு அஞ்சும் வயதில் அது அருமையான பயிற்சி. ஆனால் கூழாங்கல் பாயில் மூளை, கண், குடல், கருப்பை எல்லாம் ஒரே நேரத்தில் கன்னாபின்னாவென்று அழுந்துகின்றன. எந்தப் புள்ளியையும் தேர்ந்தெடுக்காமல் வந்த பலன், புள்ளிகளின் புகழைப் பாட உதவாது. மாநகராட்சி கல் பாதை போடட்டும். அதன் தலைமாட்டில் உறுப்புப் படப் பலகையை நட வேண்டாம்.

நஷ்டமில்லை என்ற நான்காவது வாக்கியம்தான் எனக்குப் பொறுக்க முடியாதது. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடிப் பேர். நோய் நாள்பட்டால் முதலில் மரத்துப்போகும் இடங்களில் ஒன்று பாதம். பஞ்சின் மேல் நடப்பதுபோல் இருக்கிறது என்பார்கள், எரிகிறது என்பார்கள், பிறகு ஒன்றுமே தெரியாது. செருப்புக்குள் கிடந்த சிறு கல்லோடு நாள் முழுக்க நடந்துவிட்டு, இரவில் காலுறையில் இரத்தக் கறையைப் பார்த்த பிறகே புண் இருப்பது தெரியும். அந்தக் காலுக்குத்தான் முள் செருப்பு விற்கிறார்கள், கணையப் புள்ளியை மரக்குச்சியால் நன்றாக அழுத்துங்கள் என்கிறார்கள், சித்திரை வெயிலில் காய்ந்த கல் பாதையில் வெறுங்காலோடு நடந்தால் இன்சுலின் சுரக்கும் என்கிறார்கள். வலி தெரிந்தால் அழுத்தத்தைக் குறைக்கலாம் என்பதே இந்தச் சிகிச்சையின் ஒரே பாதுகாப்பு ஏற்பாடு. மரத்த காலில் அதுவும் இல்லை. ஒரு சிறு கொப்புளம் புண்ணாகி, புண் எலும்பைத் தொட்டு, விரலை எடுக்க வேண்டிவருவது சர்க்கரை நோய் மருத்துவமனைகளில் அன்றாடக் காட்சி. கெண்டைக்கால் சிரையில் இரத்தம் உறைந்திருப்பவருக்கும் காலை உருவிவிடுவது ஆபத்து. உறைகட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். ஒரு காலில் மட்டும் திடீரென்று வீக்கமும் வலியும் வந்தால் பிடித்துவிட ஆள் தேடாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொரு நஷ்டம் கண்ணுக்குத் தெரியாதது. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் குத்தும் வலி நடுத்தர வயதுப் பெண்களுக்குச் சர்வசாதாரணம். பெரும்பாலும் அது உள்ளங்காலின் அடிச்சவ்வு நைந்துபோனதால் வருவது. கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சியும், மெத்தென்ற செருப்பும், சில மாதப் பொறுமையும் அதற்கு வைத்தியம். படத்தைப் பார்க்கிறவர் குதிகாலில் இடுப்பையும் கணுக்காலில் கருப்பையையும் காண்கிறார். குதிகால் வலி கருப்பைக் கோளாறு ஆகிவிடுகிறது. இல்லாத நோய்க்குப் பயமும், இருக்கிற நோய்க்குக் கவனமின்மையும் சேர்ந்து வருகின்றன. மறுபக்கம், அதிக இரத்தப்போக்கோடு உண்மையிலேயே கருப்பையைக் காட்ட வேண்டியவர் கணுக்காலை அழுத்திக்கொண்டு மாதங்களைக் கடத்துகிறார். பித்தவெடிப்பு, கால் ஆணி, சேற்றுப்புண், குழிநகம் எனப் பாதத்துக்கென்றே நோய்கள் எத்தனையோ இருக்கின்றன. அந்தப் படத்தில் அவற்றில் ஒன்றுக்கும் இடமில்லை. எல்லா உறுப்புக்கும் பாதத்தில் இடம் கொடுத்த படம், பாதத்துக்கு மட்டும் இடம் கொடுக்க மறந்துவிட்டது.

பாதத்தைப் பாதமாகவே பார்த்தவர்கள் நம் பக்கத்திலேயே இருந்தார்கள். கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு எலும்பு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயில் விரல்கள் அழுகி உதிர்கின்றன என்றே அன்று உலகம் நம்பியது. உணர்வு இழந்த காலில் ஒரே இடம் ஓயாமல் அழுந்துவதால்தான் புண் வருகிறது, வலி இல்லாததே விரலைத் தின்கிறது என்று அவரும் அவரோடு வேலை செய்தவர்களும் காட்டினார்கள். அழுத்தத்தைப் பரவலாக்கும் நுண்துளை ரப்பர் செருப்பு அந்தச் சிந்தனையின் விளைவு. எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று சர்க்கரை நோயாளிகள் வாங்குவது அதைத்தான். பின்னாளில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிராண்ட், அதே பாடத்தைச் சர்க்கரை நோய்ப் பாதங்களுக்கும் எடுத்துச் சென்றார். முள் செருப்பு அழுத்தத்தை ஒரு புள்ளியில் குவிக்கிறது, எம்.சி.ஆர். செருப்பு அழுத்தத்தைக் கலைக்கிறது. இரண்டில் எது காலைக் காப்பாற்றியது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. மண்ணின் ஞானம் வேண்டுமென்றால் வேலூரில் இருக்கிறது. ஹார்ட்ஃபோர்ட் சரக்குக்கு அந்த முத்திரையைக் குத்த வேண்டாம்.

கடைசியாக ஒரு மறுப்பு மிச்சமிருக்கிறது. அதில் உண்மையும் இருக்கிறது. மருத்துவமனையில் மூன்று மணி நேரம் காத்திருந்து இரண்டு நிமிடம் பேசக் கிடைக்கிறது, கால் பிடிக்கிறவரோ அரை மணி நேரம் தொட்டு, கேட்டு, விசாரிக்கிறார், அந்த அக்கறையைக் குறை சொல்லலாமா என்பார்கள். அந்த அரை மணி நேரத்தின் மதிப்பை நான் குறைக்கவில்லை. ஹல் நகர ஆய்வு சொல்வதும் அதன் மதிப்பைத்தான். மருத்துவர்கள் வெட்கப்பட வேண்டிய இடமும் அதுவே. ஆனால் அக்கறையாக நடந்துகொள்கிறவர் பொய் சொல்லலாம் என்று அதிலிருந்து வராது. கால் பிடிக்கும் தொழிலாளி தன் கைத்திறனுக்குக் கூலி வாங்கட்டும், அது கௌரவமான உழைப்பு. படத்தைக் கழற்றிவிட்டால் அவர் வருமானம் குறையும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. சிங்கப்பூரிலும் சென்னையிலும் நாற்காலியில் சாய்ந்து கண்ணயர்கிறவர்களில் பெரும்பாலோர் மண்ணீரலுக்காக அங்கே போவதில்லை.

ஆகவே, கால் பிடித்துக்கொள்ள விரும்புகிறவர்கள் தாராளமாகப் பிடித்துக்கொள்ளுங்கள், எந்த மருந்தையும் எந்தப் பரிசோதனையையும் அதற்காகத் தள்ளிப்போடாமல். வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் மர உருளையும் முள் செருப்பும் வேண்டாம். இரவு படுக்கும்முன் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாதவர் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, 10 கிராம் நைலான் இழையால் பாதத்தின் உணர்வைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது.